எட்டாம் நோன்பும் இறங்காத பாகற்காயும்

அந்த ரமலானில் எட்டாம் நோன்பன்று பகலில் நான் எதையும் சாப்பிடவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இதை இரண்டு வருஷமாக யார் யாரிடமோ சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். எழுதினதைக் குறுக்கே பேசி நிறுத்த யாராலும் முடியாது.

என் பேர் ஹமீது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். முன்பக்கம் அலமாரியும் இரண்டு பெஞ்சும். பின்பக்கம் கறுப்புத் திரை போட்ட ஒரு சின்ன அறை. அந்த அறையில்தான் பார்வை சோதிப்பது. வந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகைக்கு விளக்கைப் போட்டு, கண்ணுக்கு முன்னால் வில்லையை மாற்றி மாற்றி வைத்துக் கேட்பேன், இதில் தெளிவாக இருக்கிறதா, முன்னால் போட்டதிலா என்று. அவர் சொல்வதை எழுதிக்கொள்வேன். அவர் கண்ணுக்குள் புகுந்து நான் பார்க்க முடியாது. சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும். இருபது வருஷமாக அப்படி நம்பித்தான் சோறு தின்கிறேன். அந்தக் கறுப்புத் திரையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காட்டித்தான் என்னைத் திருடனாக்கினார்கள்.

நீரிழிவு எனக்கு முப்பத்திரண்டாம் வயதில் வந்தது. முதலில் பத்தியம், வெந்தயம், பாகற்காய். பிறகு ஊசி. அபிராமபுரத்தில் ஒரு டாக்டர் இருந்தார், நல்ல மனுஷன், கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிக்க வைத்து எப்படித் தொடையில் போட்டுக்கொள்வது என்று பொறுமையாகக் கற்றுக்கொடுத்தவர். இருந்தாலும் அவரும் ஒன்றைக் காதில் வாங்கவில்லை. உலக யுத்தம் முடியும் தறுவாயிலிருந்தே நான் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்: இரண்டு கவளம் போனாலே வயிறு கல் மாதிரி நிறைந்துவிடுகிறது, ஏப்பம் ஏப்பமாக வருகிறது, காலையில் வாந்தி எடுத்தால் முந்தின ராத்திரிச் சோறு பருக்கை பருக்கையாக வருகிறது. அவர் "பித்தம் பாய்" என்பார். ஒரு கலவை மருந்து எழுதுவார். உள்ளங்கால் எரிந்து எரிந்து பிறகு மரத்துப்போனதையும் சொன்னேன். ஒரு நாள் டிராமிலிருந்து இறங்கி நடந்து கடைக்கு வந்த பிறகுதான் ஒரு காலில் செருப்பு இல்லை என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன். வயிறும் காலும் ஒரே சங்கதி என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் ரமலான் ஆடி மாதத்தில் வந்தது. நோன்பு வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லத்தான் செய்தார். நோயாளிக்கு விலக்கு உண்டு என்பது மார்க்கத்திலேயே இருக்கிறது, எனக்கும் தெரியும். பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு நோன்புகூட விட்டதில்லை என்கிற வீம்பு என்னை விடவில்லை. அந்தத் தப்பு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். என்னுடைய தப்பு அது ஒன்றுதான்.

எட்டாம் நாள் விடிவதற்கு முன்னால், சஹர் சாப்பாட்டுக்கு என் மனைவி ஜெய்னம்பு எழுப்பி, சோறும் அவித்த முட்டையும் பாகற்காய்ப் பொரியலும் வைத்தாள். சர்க்கரைக்கு நல்லது என்று பாகற்காயை வட்டம் வட்டமாக நறுக்கித் தினமும் வைப்பாள். சாப்பிட்டேன். பகல் முழுக்க வயிறு கனத்துக் கிடந்தது. மத்தியானம் தலை சுற்றியதால் திரையை இழுத்துவிட்டு அறைக்குள் பாய் போட்டுப் படுத்திருந்தேன்.

சாயங்காலம் பள்ளிவாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். வேளை வந்ததும் ஒரு பேரீச்சம்பழம் வாயில் போட்டேன். தண்ணீர் குடித்தேன். நோன்புக் கஞ்சியில் இரண்டு வாய்தான் குடித்திருப்பேன். வயிறு அப்படியே புரண்டது. எழுந்து வாசலுக்குப் போகக்கூட அவகாசம் இல்லை. அத்தனை பேர் நடுவில், பாயிலேயே வாந்தி எடுத்தேன்.

வந்தது கஞ்சி மட்டும் இல்லை. சோறு. முட்டை. பாகற்காய், பச்சை மாறாமல், வட்டம் வட்டமாக.

பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் முத்தவல்லி எனக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தார். பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா பாய் இது," என்றார். "பாகக்கா இப்பதான் துன்ன மாதிரி கீது."

"சஹர்ல சாப்ட்டது," என்றேன். மூச்சு வாங்கியது.

"சஹர்ல சாப்ட்டது சாயங்காலம் வரிக்கும் இப்டியே முழுசா இருக்குமா? நாங்களும்தான் சாப்டறோம்."

பின்னாலிருந்து இன்னொரு குரல், "மத்தியானம் கடைல தெரய இழுத்துட்டு உள்ள இருந்தாரு. நான் பாத்தேன்," என்றது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இரண்டு பேர் என்னைத் தாண்டிப் போய் வேறு பாயில் உட்கார்ந்தார்கள். முத்தவல்லி, "முடியலைன்னா வைக்காதீங்க, யாரும் கட்டாயப்படுத்தல. வச்சிட்டேன்னு சொல்லிட்டுத் திருட்டுத்தனமா துன்றது தப்பு," என்று நாற்பது பேர் காதில் விழச் சொன்னார். பாயை நானே சுருட்டிக் கொண்டுபோய்க் கழுவிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டது. ஜெய்னம்பு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரொம்ப மெதுவாக, "கடைல எதுனா வாயில போட்டீங்களா? இருந்தா எங்கிட்ட சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றாள்.

முத்தவல்லி சொன்னது சுட்டது. இது அதைவிட மோசம். சஹர் சோற்றைத் தன் கையால் போட்டவள் கேட்கிறாள். அன்றிலிருந்து நான் அவளோடு பேசவில்லை.

பள்ளிவாசலுக்கும் போகவில்லை. பதினோராம் நோன்பை வீட்டிலேயே துறந்தேன். பேரீச்சம்பழம் தின்று, ஊசி போட்டுக்கொண்டு, கஞ்சி குடித்து, சோறும் சாப்பிட்டேன். முக்கால் மணி நேரத்தில் கை நடுங்கியது. சட்டை நனைகிற மாதிரி வேர்த்தது. எதிரே இருந்த ஜெய்னம்பு இரண்டாகத் தெரிந்தாள். அப்புறம் நடந்தது எனக்குத் தெரியாது. சம்பந்தமில்லாமல் உளறினேனாம், கையைக் காலை உதறினேனாம். சர்க்கரையைக் கரைத்து வாயில் ஊற்றி, ஜட்காவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கே இருந்த ஒரு நல்லவருக்கும் சேர்த்துக் கெட்ட பேர் வரும்.

கண் விழித்தபோது நீளமான ஒரு வார்டில் கிடந்தேன். இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள். என் வலது பக்கத்துக் கட்டிலில் எல்லப்பன் என்று நொச்சிக்குப்பத்து மீன்காரர், மஞ்சள் காமாலை. கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னா நைனா, கொஞ்சம் துன்றியா?" 'துன்றியா' என்கிற அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் மறுபக்கம் திரும்பிப் படுத்தேன். பாவம், தன் தட்டிலிருந்து அரை ஆரஞ்சுப் பழத்தை நீட்டியிருக்கிறார்.

அங்கே தினமும் நாலு வேளை சிறுநீர்ச் சோதனை. நீல நிறத் தண்ணீரில் எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சுவார்கள். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் அதிகம், செங்கல் நிறமானால் ரொம்ப அதிகம். எனக்கு நடந்தது இதுதான்: ஊசி போட்டுச் சாப்பாடு கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் நடுங்கி வேர்க்கும், சோதித்தால் நீலம். ஐந்து மணி நேரம் கழித்து, நடுவில் ஒன்றும் சாப்பிடாமலே, செங்கல். மறுநாளும் அதே நீலம், அதே செங்கல்.

வார்டுக்குப் பொறுப்பான பெரிய டாக்டர் நாலு மாணவர்களோடு வந்தார். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. சீட்டைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமலே, "என்ன தின்னே?" என்றார்.

"இங்க குடுத்ததுதான் சார். அதுவும் பாதி வாந்தியில போயிடுது."

"அப்ப செங்கல் கலர் எங்கேருந்து வருது? ஆகாசத்துலேர்ந்தா?"

மாணவர்கள் சிரித்தார்கள். "தலையணையைப் பாருங்க," என்றார். ஒரு மாணவன் தூக்கினான். அடியில் மூன்று பேரீச்சம்பழம், காகிதத்தில் சுற்றி. நடுக்கம் வந்தால் உடனே வாயில் போட்டுக்கொள் என்று சிஸ்டர்தான் வைத்திருந்தாள். அந்த அம்மா பக்கத்தில்தான் நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். பேசினால் வேலை போகும் என்று பயந்திருப்பாள். அது புரிகிறது, ஆனாலும் அவள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

"பேஷண்ட் பொய் சொல்லுவான், டெஸ்ட் ட்யூப் பொய் சொல்லாது," என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார் பெரிய டாக்டர்.

எல்லப்பன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "சார், அவுரு ஒண்ணும் துன்னல சார். எனுக்குத் தூக்கமே வரமாட்டேங்குது, அவுரத்தான் பாத்துகினு கீறேன். அந்தப் பேரீச்சம்பயம் மூணும் வச்சது வச்சமேனிக்கு கீது, எண்ணிப் பாரு."

"நீ படு," என்றார் டாக்டர். எண்ணிப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? அந்த ஒரு நிமிஷம் அவரிடம் இல்லை. வீட்டிலிருந்து எதுவும் வரக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அன்றிலிருந்து ஜெய்னம்புவின் கையில் இருந்த சாப்பாட்டு அடுக்கை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெறுங்கையோடு வரக் கூச்சப்பட்டு, மறுநாள் ஒரு பனையோலை விசிறி கொண்டு வந்தாள். பார்வையாளர் நேரம் முழுக்க விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நான் பேசவில்லை. வெளியே போகிறபோது எல்லப்பனுக்கும் நாலு விசிறு விசிறிவிட்டுப் போனாள்.

நாலாம் நாள் நான் வாந்தி எடுத்ததில் முந்தின நாள் காலையில் ஆஸ்பத்திரியிலேயே கொடுத்த கீரைத் தண்டு வந்தது. இந்தத் தடவை அதை டாக்டர்களே பார்த்தார்கள். உடனே திருட்டுத் தீனிப் பேச்சு நின்றது. ஆனால் அந்த இடத்தில் இன்னும் பெரிய பேச்சு வந்தது. வயிற்றிலிருந்து குடலுக்கு இறங்குகிற வாசல் அடைத்துக்கொண்டிருக்கிறது, பழைய புண்ணின் தழும்பாக இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம், வயிற்றைத் திறந்து வேறு வழி வைத்துத் தைக்க வேண்டும் என்றார்கள். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். சர்க்கரைக்காரனுக்குப் புண் ஆறாது, பிழைப்பது கஷ்டம் என்று என் தலைமாட்டிலேயே இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். மூக்குக்கண்ணாடி விற்கிறவனுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யார் இவர்களுக்குச் சொன்னது? நான் விற்கிற வில்லைக்கு வருகிற காகிதம் எல்லாம் இங்கிலீஷ்தான்.

சம்மதக் காகிதத்தை ஜெய்னம்புவிடம் நீட்டினார்கள். பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு முதல் முறையாக உண்மையான பயம் வந்தது. சாவதற்குப் பயம் என்பதைவிட, திருட்டு நோன்பாளி என்கிற பேரோடு சாவதற்குப் பயம். செத்துப்போனால் நான் சாப்பிடவில்லை என்று சொல்வதற்கும் ஆள் இருக்காது.

"நாளைக்கு எக்ஸ்ரே எடுக்கறாங்களாம். அதுக்கப்புறம் போடு," என்றேன். ஒரு வாரத்துக்குப் பிறகு அவளிடம் நான் பேசின முதல் பேச்சு அது. அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

எக்ஸ்ரே அறை கும்மிருட்டு. இருட்டு அறை எனக்குப் பழக்கம்தான், என் பிழைப்பே அதில்தான். எக்ஸ்ரே டாக்டர் மயிலாப்பூர்க்காரர், ஒல்லி. சிவப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தார். திரையில் மங்கலாக வருகிற உருவத்தைப் பார்க்க அவர்கள் கண்ணை முன்கூட்டியே இருட்டுக்குப் பழக்குவார்கள். அதற்கு அந்தச் சிவப்பு. அது மூக்கில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது.

"இடது காதுப்பக்கத்துத் திருகு தளர்ந்திருக்கு சார்," என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணாடிக் கடை வச்சிருக்கேன்."

கழற்றி என் கையில் கொடுத்தார். நகத்தாலேயே முறுக்கிக் கொடுத்தேன். மாட்டிப் பார்த்துவிட்டு, "ராத்திரி என்ன சாப்பிட்டேள்?" என்றார்.

"சொன்னா நம்பப் போறீங்களா?"

"சொல்லுங்கோளேன்," என்றார். சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அந்த ஆஸ்பத்திரியில் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த முதல் டாக்டர் அவர்தான். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். பாகற்காய், முத்தவல்லி, திரை, பேரீச்சம்பழம், மரத்துப்போன கால், காணாமல் போன செருப்பு. கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. அவர் தடுக்கவில்லை.

பிறகு ஒரு பெரிய கோப்பையில் பேரியம் என்கிற வெள்ளைக் கரைசலைக் குடிக்கச் சொன்னார். சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பைக் குடிக்கிற மாதிரிதான். அது போகிற வழியெல்லாம் எக்ஸ்ரேயில் தெரியும். குடித்துவிட்டுத் திரைக்குப் பின்னால் நின்றேன். அவர் குனிந்து குனிந்து திரையைப் பார்த்தார்.

"வாசல் அடைச்சுண்டிருந்தா வயிறு சும்மா இருக்காது," என்றார் கடைசியில். "முட்டி மோதிண்டு இருக்கும். அலை அலையாத் தெரியும். உங்களுக்கு அலையே இல்லை. பை மாதிரி தொங்கிண்டிருக்கு."

மேஜையில் வலது பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொன்னார். மறுபடி பார்த்தார். "பாருங்கோ, இப்போ சாய்ச்சதும் தானே வழியறது. வாசல் திறந்துதான் இருக்கு. தள்ளறதுக்குத்தான் அதுக்குச் சக்தி இல்லை." விளக்கைப் போட்டுவிட்டு, ஒரு குண்டூசியால் என் உள்ளங்காலைத் தொட்டார். குத்தினாரா, தொட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு இடத்தில் ரத்தம் துளிர்த்திருந்ததைப் பிறகு பார்த்தேன்.

"நாளைக்குக் காலம்பற இதே நேரத்துக்கு வாங்கோ. அது வரைக்கும் உங்களுக்கு வேற ஆகாரம் வேண்டாம்னு எழுதி அனுப்பறேன்," என்றார். அன்று ஊசியும் வேண்டாம் என்று எழுதினார்.

மறுநாள் படம் எடுத்தார். கழுவிக் கொண்டுவந்து வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். என் வயிற்றுக்குள் முந்தின நாள் குடித்த வெள்ளை இன்னும் பாதிக்கு மேல் அப்படியே தேங்கி நின்றது. இருபத்து நாலு மணி நேரம். கொடுத்தவர்கள் அவர்கள், நேரம் குறித்தவர்கள் அவர்கள். இதையும் நான் திரைக்குப் பின்னால் ஒளிந்து குடித்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

அவர் எனக்கு விளக்கினதை எனக்குப் புரிந்த வரைக்கும் சொல்கிறேன். வயிறு என்பது சதையால் ஆன பை. அந்தச் சதை பிசைந்து பிசைந்து சோற்றைக் கூழாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குத் தள்ள வேண்டும். தள்ளு என்று அதற்குச் சொல்வது நரம்பு. பல வருஷம் சர்க்கரை ஏறி இறங்கினதில் கால் நரம்பு கெட்ட மாதிரியே வயிற்று நரம்பும் கெட்டுவிட்டது. சொல்ல ஆள் இல்லாததால் சதை சும்மா கிடக்கிறது. ஊசி போட்டால் மருந்து உடனே ரத்தத்துச் சர்க்கரையை இறக்குகிறது. அதை ஈடுகட்ட வேண்டிய சோறோ வயிற்றிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால் நடுக்கம், நீலம். ஐந்து மணி நேரம் கழித்துச் சோறு சாவகாசமாக இறங்குகிறது. அப்போது ஊசி வேகம் போய்விட்டது. அதனால் செங்கல். இப்படி இருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன், எனக்கும் முழுசாகத் தெரியாது என்றார். தெரியாது என்று சொன்ன டாக்டரும் அவர் ஒருவர்தான்.

"உங்க ஆத்துக்காரிக்கு இதைக் காட்டணும்," என்றார் அவரே.

ஜெய்னம்புவைக் கூப்பிட்டார்கள். வெளிச்சப் பெட்டிக்கு முன்னால் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெள்ளையைக் காட்டி, இது நேற்றுக் காலையில் குடித்தது என்று அவர் சொன்னார். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நேத்துலேருந்து அங்கியேவா கீது?" என்றாள்.

"அங்கேயேதான்மா."

வெளியே வந்து நடைபாதைச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். என்னை நிமிர்ந்து பார்க்காமலே பேசினாள்.

"எட்டாம் நோன்புக்கு மறுநாள்லேருந்து டப்பால இருக்கற பேரீச்சம்பழத்தத் தெனம் எண்ணிட்டிருந்தேங்க. முட்டைய எண்ணினேன். கடைக்கு வந்து, நீங்க இல்லாதப்ப, தெரைக்குப் பின்னால கூடத் தேடினேன். ஒண்ணும் கொறையல. ஒரு பருக்க கூட இல்ல. அப்பிடியும் நான் நம்பல."

கையில் கணக்கு இருந்தது, கண்ணால் பார்த்திருக்கிறாள், அப்படியும் ஊர் சொன்னதைத்தான் நம்பினாள். எனக்கு அவளை அறைய வேண்டும் போலவும் இருந்தது, மடியில் தலை வைத்துப் படுக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. அங்கேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். ஆஸ்பத்திரியில் நான் அழுதது அந்த ஒரு தடவைதான். அவள் சம்மதக் காகிதத்தை இடுப்பிலிருந்து எடுத்து நாலாகக் கிழித்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பெரிய டாக்டர் வந்தார். படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். மாணவர்களிடம், சர்க்கரை வியாதியில் வயிற்றுச் சதை இப்படித் தளர்ந்துபோவதும் உண்டு, சுவாரஸ்யமான கேஸ், எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள் என்று தான் கண்டுபிடித்த மாதிரியே சொன்னார். ஆபரேஷன் வேண்டாம் என்று சீட்டில் எழுதினார். மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கிடையாது.

"இன்னா சார்," என்றார் எல்லப்பன், "அன்னிக்கி அவுரு திருடிகினு துன்றாருன்னியே, அது இன்னா ஆச்சு?"

பெரிய டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எல்லப்பனின் நாக்கை நீட்டச் சொன்னார். எல்லப்பன் தேவைக்கு மேலேயே நீட்டிக் காட்டினார்.

நோன்புப் பெருநாளைக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டேன். இதற்கு மருந்து கிடையாது என்று எக்ஸ்ரே டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். பழக்கத்தால்தான் சமாளிக்க வேண்டும். ஒரே மூச்சில் சாப்பிடாமல் ஆறு வேளையாகக் கொஞ்சம் கொஞ்சம். குழைத்து வடிகட்டின கஞ்சி, மோர், மசித்த பருப்பு. கீரைத் தண்டு, பாகற்காய், நார் உள்ளது எதுவும் கூடாது. இறங்காமல் கிடப்பதே அதுதானாம். சர்க்கரைக்கு நல்லது என்று பதினாலு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு தின்ற பாகற்காய். சாப்பிட்டவுடன் படுக்காமல் அரை மணி நேரம் நடக்க வேண்டும். ஊசி சாப்பாட்டுக்கு முன்னால் இல்லை, பின்னால், அதுவும் பாதிப் பாதியாக. நோன்பு இனி கிடையாது. ஒவ்வொரு நோன்புக்கும் ஈடாக ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுக்கலாம் என்று மார்க்கத்தில் இருக்கிறது, அப்படித்தான் செய்கிறேன். அந்தச் சாப்பாட்டை ஜெய்னம்புதான் சமைக்கிறாள், எனக்கே போடுவதாக நினைத்துக்கொண்டு. எனக்கான கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டுகிறாள். தானும் அதையே குடிக்கிறாள். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. இன்னும் சில காலையில் வாந்தி வரத்தான் செய்கிறது. வந்ததை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிறோம், நேற்றுடையதா, முந்தாநாளுடையதா என்று.

எக்ஸ்ரே விஷயம் தெருவுக்கும் தெரிந்துவிட்டது. என்னைத் தாண்டிப் போனவர்கள் ஒவ்வொருவராக சலாம் சொன்னார்கள். திரும்பச் சலாம் சொன்னேன். ஆனால் பள்ளிவாசலில் வைத்து யாரும் எதுவும் சொல்லவில்லை. நாற்பது பேர் கேட்கச் சொன்னதை நாற்பது பேர் கேட்க மாற்றிச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஒரு வருஷம் ஆனது. அடுத்த ரமலானும் போனது.

போன மாதம் முத்தவல்லி கடைக்கு வந்தார். "எயுத்து மங்கலா கீது பாய்," என்றார். வெளி பெஞ்சில் மூன்று பேர் காத்திருந்தார்கள். மூன்று பேரும் எங்கள் பள்ளிவாசல்தான். முறை வந்ததும் அவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தேன். திரையை இழுத்துவிட்டு விளக்கைப் போட்டேன். முதல் வில்லையை வைப்பதற்குள் அவர் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார்.

"பாய், அன்னிக்கி நான் சொன்னத மனசுல வச்சிக்காதீங்க. எனக்கு இன்னா தெரியும். பாத்தா அப்டித்தான் இருந்திச்சி."

கையிலிருந்த வில்லையைப் பெட்டியில் திரும்ப வைத்தேன்.

"எல்லார் முன்னாலயும் சொன்னீங்க," என்றேன். "இப்ப தெரைக்குப் பின்னால வந்து சொல்றீங்க."

நான் போய்த் திரையை முழுக்க விலக்கினேன். வெளிச்சம் உள்ளே வந்தது. பெஞ்சில் இருந்த மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "இப்ப சொல்லுங்க," என்றேன்.

வில்லை இல்லாத சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டிக்கொண்டு அவர் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் எக்ஸ்ரே டாக்டரைப் போலக் காத்திருந்தேன்.

"எட்டாம் நோன்பன்னிக்கி ஹமீது பாய் ஒண்ணும் சாப்டல," என்றார். குரல் சின்னதாகத்தான் வந்தது, ஆனால் பெஞ்சு வரைக்கும் கேட்டது. "நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

திரையை மறுபடி இழுத்துவிட்டேன். இருட்டில் அவர் மூச்சு விடுவது கேட்டது.

"இத்தோட உட்டுடலாமா பாய்?" என்றார்.

"எனக்கு ஒரு டம்ளர் கஞ்சி எறங்கவே ஒரு நாள் ஆவுது," என்றேன். "இதுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆவும்."

முதல் வில்லையை வைத்தேன், பிறகு இரண்டாவதை மாற்றி வைத்தேன். "இதுல தெளிவா கீதா, முன்ன போட்டதுலயா?"

"முன்ன போட்டதுலதான்," என்றார்.

அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டேன்.